எழுந்து நிற்கும் பலம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் தொழுகின்ற பள்ளிவாசலில் பத்து வருடங்களுக்கு முன்பு நாற்காலிகள் இரண்டே இரண்டு கிடந்தன. ஒன்று பக்கவாதம் கண்ட ஒரு பெரியவருக்கு. மற்றொன்று யாருக்காவது தேவைப்படும் என்று ஓரத்தில் போட்டு வைத்தது. இன்று ஸஃப்பின் இரு ஓரங்களிலும் சேர்த்து எண்ணினால் பதினொன்று இருக்கின்றன. ஜும்ஆ நாளில் அவையும் போதாமல் ஆபீஸ் அறையிலிருந்து எடுத்து வருகிறார்கள். இராஜபாளையம் பக்கம் பயானுக்குச் செல்லும்போதும் இதே காட்சியைத்தான் காண்கிறோம்.

நாற்காலியில் அமர்ந்து தொழுவது யாருக்குக் கூடும், யாருக்குக் கூடாது என்ற மஸ்அலாவை இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. நமது கவலை வேறு. அந்தப் பதினொரு பேரில் நான்கைந்து பேர் வீட்டிலிருந்து நடந்தே வருகிறவர்கள். தொழுகை முடிந்ததும் டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றபடி பேசக்கூடியவர்கள். தரையில் இறங்கி எழுவது ஒன்றுதான் அவர்களால் முடியவில்லை. அவர்களில் ஒருவரிடம் விசாரித்தோம். "பதினஞ்சு நாள் முழங்கால் வலின்னு உட்கார்ந்தேன் ஹஜ்ரத். வலி போயிருச்சு. ஆனா அப்புறம் இறங்கவே வரலை" என்றார். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

பதினைந்து நாளில் அப்படி என்ன போய்விடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த 12 முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நாற்காலியில் தொழுபவர் படுக்கையில் கிடப்பவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் தினமும் தரையில் இறங்கி எழுந்த ஒருவர் அதை அடியோடு விட்டுவிட்டால், அந்த வேலையைச் செய்துவந்த தசைகளும் தம் வேலையை விட்டுவிடுகின்றன. வாலிபனுக்கு இழந்தது விரைவில் திரும்பி வரும். அறுபதைக் கடந்தவருக்கு, தேடிப் போனால்தான் வரும்.

இதைப் பிறர் வீட்டுக் கதையாக நாம் சொல்லவில்லை. நமது வீட்டிலேயே நடந்தது.

நமது அத்தா இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடங்களுக்கு மேல் சைடராக வேலை பார்த்தவர்கள். ரிங் பிரேமின் இரு பக்கமும் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுவதுதான் அந்த வேலை. எட்டு மணி நேர ஷிப்டில் உட்காருவது என்பதே கிடையாது. அவர்கள் ஓய்வு பெற்று வந்ததும் பிள்ளைகளாகிய நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "இனி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அத்தா" என்றோம். கடைக்குப் போவதைத் தம்பி ஏற்றுக்கொண்டான். மாடி ஏற வேண்டாமென்று கீழ் அறையில் கட்டில் போட்டோம். சாப்பாட்டுக்கு மேஜை வாங்கினோம். பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டோம். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னதும், பள்ளிவாசலில் போடுவதற்கு நாற்காலி வாங்கிக் கொடுத்ததும் நாம்தான். இவற்றையெல்லாம் பெற்றோருக்குச் செய்யும் கித்மத் என்றே மனப்பூர்வமாக எண்ணினோம். மூன்று வருடத்தில் அந்தக் கித்மத் அவர்களைத் தரையிலிருந்து எழ முடியாதவராக ஆக்கிவிட்டது.

ஒருநாள் பின்னிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர்கள் தலைசுற்றி விழுந்துவிட்டார்கள். அல்லாஹ்வின் கிருபையால் மணிக்கட்டு எலும்போடு போயிற்று. ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழ முடியாமல், எங்களை எழுப்பவும் சங்கடப்பட்டு, சுப்ஹு பாங்கு சொல்லும் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, பிசியோதெரபி படித்த ஓர் இளம்பெண் வந்தார். கையைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவரோ ஒரு நாற்காலியைக் காட்டி, "தாத்தா, கையை ஊன்றாம இதிலிருந்து எழுந்திருங்க பார்ப்போம்" என்றார். அத்தாவால் முடியவில்லை. முறிந்தது கை, பயிற்சி ஆரம்பமானது காலிலிருந்து.

நடப்பது மட்டும் போதுமா?

முதியோருக்குத் தேகப் பயிற்சி என்றாலே நம்மவர்களுக்கு நினைவு வருவது நடைதான். நடை நல்லதே, அதில் ஐயமில்லை. 1953-ல் டாக்டர் ஜெர்மி மோரிஸ் என்பவர் லண்டன் மாநகர பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகின்ற டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது அதிலிருந்துதான். நமது மில் தொழிலாளர்கள் வேலையில் இருக்கும்வரை கண்டக்டர்கள். ஓய்வு பெற்ற மறுநாளே டிரைவர்களாகி விடுகிறார்கள்.

ஆனால் சமதரையில் மெதுவாக நடப்பதற்குத் தொடைகளில் அதிக பலம் தேவையில்லை. ஆகவேதான் பள்ளிக்கு நடந்து வருகிறவரால் தரையிலிருந்து எழ முடியாமல் போகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் கரைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. முதலில் குறைவது தொடைப் பலமும் சமநிலையும். இவ்விரண்டும் போனவர்தான் குளியலறையில் விழுகிறார்; இடுப்பெலும்பு முறிகிறது; படுக்கையில் விழுகிறார்; பலர் அதன்பின் எழுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கம் கொள்வதோடு, வாரம் இரண்டு நாட்களாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும், மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பதன் காரணம் இதுவே. நாம் முதல் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பிரேஸில் நாட்டு டாக்டர் அராவுஜோவும் அவருடைய தோழர்களும் 2012-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 51 முதல் 80 வயது வரையுள்ள 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 10. கையையோ முழங்காலையோ ஊன்றினால், ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில், அடுத்த ஆறு ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதம், நன்கு எழுந்தவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஏற்கெனவே நோயாளியாக இருப்பவரால் எழ முடியாது என்பதும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. வீட்டில் பெரியவர்களை நிறுத்தி இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதும் ஆபத்து. தரையிலிருந்து எழுவது என்பது ஓர் அற்ப விஷயமன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

போனது திரும்பி வருமா? வரும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைக்குப் பயிற்சி அளித்தார்கள். கடைசிவரை செய்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் இது நடக்குமானால், அறுபத்திரண்டு வயதுக்காரர் நாற்காலியே கதி என்று இருப்பதற்கு நியாயமில்லை. பயிற்சியை நிறுத்தியதும் பெற்ற பலம் மீண்டும் குறையத் தொடங்கியது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. மருந்தைப் போல, இதையும் தொடர்ந்து கைக்கொள்ள வேண்டும்.

பெருமானாரின் முதுமை

முதுமை வந்தபோது நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எப்படித் தொழுதார்கள் என்பதை ஹதீது கிரந்தங்களில் பார்க்கும்போது நமக்கு ஒரு வழி தெரிகிறது. வயதான பின் இரவுத் தொழுகையில் அமர்ந்து ஓதுவார்கள் என்றும், முப்பது நாற்பது ஆயத்துகள் மீதமிருக்கும்போது எழுந்து நின்று அவற்றை ஓதி, பிறகு ருகூஃ செய்வார்கள் என்றும் ஹளரத் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் காணப்படுகிறது. வயது முதிர்ந்து உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் ஒரு தூணை ஊன்றுகோலாக வைத்து அதில் சாய்ந்துகொண்டார்கள் என்று உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முடியாததற்குச் சலுகை இருந்தது, முடிந்ததை விட்டுவிடவில்லை. நஃபிலில் உட்காரும் அனுமதி இருந்தும், எழ முடிந்த அளவுக்கு எழுந்தார்கள். நிற்கச் சிரமமானபோது பிடிமானம் வைத்துக்கொண்டார்கள். நமது பள்ளிகளில் நாற்காலிகள் வாங்கிப் போட ஆள் இருக்கிறது. சுவர் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் பதித்துக் கொடுக்க யாரும் நினைப்பதில்லை. நாற்காலி விலைதான் அதற்கும் ஆகும்.

நின்று தொழ முடியும், ஸுஜூது செய்ய முடியாது என்ற நிலையில் உள்ளவருக்கு ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபிஈ மத்ஹபிலும் சட்டம் வேறுபடுகிறது. அவரவர் தம் இமாமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளவும். ஸுஜூதிலிருந்து எழும்போது கைகளைத் தரையில் ஊன்றுவது ஷாஃபிஈகளுக்குச் சுன்னத். ஹனஃபிகளுக்கும் இயலாமை இருந்தால் அதில் குற்றமில்லை. ஆகையால் கையூன்றி எழ வெட்கப்பட்டு நாற்காலிக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தொழுகையே தலைசிறந்த தேகப் பயிற்சி என்று மேடைகளில் முழங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத். அதை இடுப்பு வளைவதற்காகத் தொழுகிறவனுக்கு என்ன கூலி கிடைக்கும்? ஐவேளைப் பர்ளுகளில் மட்டும் பதினேழு ரக்அத்துகள்; பதினேழு தடவை தரைக்கு இறங்கி எழுகிறோம். அது உடலுக்கும் நலம் தருகிறது என்றால் அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நெஞ்சு வேகமாகத் துடிக்கும்படியான நடையும், கைகளுக்குப் பலமும் அதில் கிடைப்பதில்லை. தொழுகிறோமே, பயிற்சி எதற்கு என்று இருந்துவிடலாகாது. பயிற்சி செய்வது, தொழுகையை நிறைவாகத் தொழ உடலைத் தயாராக வைத்திருப்பதற்காகவும் ஆகலாம் அல்லவா?

வீட்டில் செய்யக்கூடியவை

முதற் பயிற்சி, அந்தப் பெண் அத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே. கனமான, கை வைத்த, நான்கு கால்களும் ஆடாத நாற்காலியை முதுகு சுவரில் படும்படி போட வேண்டும். வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் நாற்காலியும் சக்கர நாற்காலியும் உதவா. அதன் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னே சாய்த்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வந்ததும் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக அமர வேண்டும். பலம் கூடுவது அந்த மெதுவில்தான். ஆரம்பத்தில் கை ஊன்றலாம். ஐந்து தடவையில் தொடங்கி, வாரக்கணக்கில் பத்துக்குக் கொண்டுவந்து, சிறிது ஓய்வுக்குப் பின் இன்னொரு பத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலும் போதும்.

கையூன்றாமல் எழ முடியாதவர்களுக்கு இருக்கை உயரமாக இருக்க வேண்டும். அத்தாவுக்கு இரண்டு போர்வைகளைக் கெட்டியாக மடித்து நாற்காலியின்மேல் போட்டோம். ஒரு மாதம் கழித்து ஒன்றை எடுத்தோம். பிறகு மற்றதையும். அதன்பின் தாழ்வான ஸ்டூல். அதன்பின் சமையலறையில் கிடந்த மணை. மணையிலிருந்து தரைக்கு நான்கு விரற்கடைதான். இந்த நான்கு விரற்கடைக்கு வந்து சேர எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. அவசரப்பட்டிருந்தால் முழங்கால் வீங்கியிருக்கும்.

எண்ணிக்கையை வாய்விட்டு எண்ண வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பலத்தைப் பிரயோகித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். வாயால் எண்ணுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே செய்தால், இன்னும் நல்லது.

சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது. ஒரு பாதத்துக்கு நேர்முன்னே மற்றப் பாதத்தை, குதியும் விரலும் தொடும்படி வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்பது. பிறகு ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவை சமநிலைக்கு. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கை எப்போதும் பிடிமானத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சுவரில் இரு கைகளையும் பதித்துச் சாய்ந்து, தள்ளி நிமிர்வது கைகளுக்கும் தோளுக்கும்.

விழுந்தால் எழும் முறையையும் விழுவதற்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. உடனே எழ முயலாமல், வலி எங்கே என்று பார்த்து, ஒருக்களித்துத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அருகிலுள்ள நாற்காலிவரை தவழ்ந்து, அதைப் பிடித்து ஒரு பாதத்தை முன்வைத்து எழ வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். இதைப் பாயில் வைத்து அத்தாவுக்குப் பழக்கியபோது எங்கள் பிள்ளைகளும் கூடவே தவழ்ந்தார்கள். வீடே சிரித்தது.

பயிற்சிக்கு மறுநாள் தசையில் இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. மூட்டு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று அறிந்து குறைக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் அசையவே கூடாது என்று நம் பெண்மக்கள் நம்புகிறார்கள். இது தவறு. தொடைத் தசைக்குப் பலமேற்றும் பயிற்சிதான் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்ற பெயரில் ஒரு குன்று இருக்கிறது. வடக்கே மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊரன்று, இது வேறு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பிறமதச் சகோதரர்கள் அங்குள்ள பெருமாள் கோயிலுக்குப் படியேறிப் போவார்கள். நமது பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் ஒருமுறை போய் வந்து, "ஏறிட்டேன் தம்பி. இறங்குறதுக்குத்தான் உசுரு போச்சு" என்றார்கள். அது அனுபவ உண்மை. இறங்கும்போது உடல் பாரம் முழுவதையும் தொடைத் தசை பிரேக் போல் தாங்க வேண்டும். அது பலவீனமாக இருந்தால் பாரம் முழங்காலில் இறங்குகிறது. மாடிப்படியில் கைப்பிடி இல்லாத வீடுகளில் முதியோரை ஏற்றாதீர்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கின்ற காலை முதலில் வைக்க வேண்டும்.

நடைக்குச் செல்கிறவர்கள்

சுப்ஹுக்குப் பிறகு நடப்பதே நமது பகுதிக்கு ஏற்றது. சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிடும். ஆனால் இருட்டோடு நெடுஞ்சாலையில் நடக்கின்ற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் ஊடறுத்துச் செல்கிறது. இரவெல்லாம் லாரி ஓடும் பாதை. பள்ளிக்கூட மைதானம் இருந்தால் அங்கே நடக்கலாம். சாலையில்தான் நடக்க வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும். வெள்ளை உடை நல்லது. நாய்த் தொல்லைக்குக் கைத்தடி உதவும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. முதியவர் அந்த எட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிட நடை மூன்று தடவை என்றாலும் அது முப்பது நிமிடமே.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு சொல்கிறோம். நடந்துகொண்டே நீண்ட சூரா ஒன்றை மூச்சு வாங்காமல் ஓத முடிந்தால் வேகம் போதவில்லை. கூட வருபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது.

சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுபவர்களும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சட்டைப் பையில் சிறிது கற்கண்டோ சர்க்கரையோ இருக்கட்டும். அவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். புண் வலிக்காமலேயே இருக்கும். ரமளானில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு நடப்பது இவர்களுக்கு ஆகவே ஆகாது. நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து நடக்கலாம்.

நடுநெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருட்டல் ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதில் போன உயிர்கள் நமது மஹல்லாவிலேயே உண்டு. இருதய நோய் கண்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். கண்ணில் புரை எடுத்தவர்கள் எத்தனை நாள் குனியக் கூடாது என்பதையும், அதனால் ஸுஜூது பற்றியும் அவரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படுக்கையிலிருந்து எழும்போது உடனே நிற்காமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மிக முக்கியம். தஹஜ்ஜுதுக்கு எழுபவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் எழுந்தவுடன் ஓதும் துஆவை ஓதிக்கொள்ளலாம். அத்தா விழுந்தது அந்த ஒரு நிமிடம் இல்லாமல்தான்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எலும்பு வேகமாகச் சன்னமாவது அவர்களுக்கே. ஆனால் நம் வீடுகளில் நடைக்குச் செல்வது அத்தாமார்கள் மட்டும்தான். வெளியே செல்ல விருப்பமில்லாத நன்னிமார்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, முற்றம் இருக்கிறது. இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் அஸருக்குப் பின் சேர்ந்து நடந்தால் பேச்சுத் துணையும் ஆயிற்று. மருமகள் வந்தபின் மாமியாரை அடுப்படிப் பக்கமே வரவிடாமல் உட்கார வைப்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். காய் நறுக்குவதும், துணி மடிப்பதும், பேரப்பிள்ளையை ஓதும் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்களிடமே இருக்கட்டும். பளுவான குடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் நானம்மாள் என்ற அம்மையார் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்து 2019-ல் மறைந்தார். முதுமையிலும் யோகாசனம் செய்து காட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரது படங்களைப் பார்த்துவிட்டு எழுபது வயதில் உடலை முறுக்கத் துணிபவர்கள், அவர் சிறுவயது முதல் செய்துவந்தவர் என்பதைக் கவனிப்பதில்லை.

ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு மிகவும் தேவை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடப்பது மட்டும் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதற்கு முன் தவாஃப். பிறகு மினாவின் நடை. பணம் கட்டிய அன்றே பயிற்சியும் தொடங்கப்பட வேண்டும். சூட்கேஸ் வாங்குவதற்குக் காட்டுகிற அக்கறையில் பாதியாவது கால்களுக்குக் காட்டலாம். அப்படியும் முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் செல்வதால் குறைந்துவிட மாட்டார்கள். இரண்டு மகன்களின் தோள்களில் தொங்கியபடி, நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்திருந்த ஒரு முதியவரைக் கண்ட நபி பெருமானார் (ஸல்) அவர்கள், அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். உடல் நலமில்லாத உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்யப் பணித்தார்கள்.

உதவிக்கு ஆளில்லை என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. டாக்டர் வி.எஸ். நடராசன் அதை வளர்த்தெடுத்ததோடு, முதுமை பற்றி எளிய தமிழில் பல நூல்களும் எழுதினார். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். நமது ஜமாஅத்துகள் மாதம் ஒருநாள் பள்ளி வளாகத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து வந்தால், மருத்துவ முகாம் என்று பேனர் கட்டுவதைவிட அதிகப் பயன் கிடைக்கும்.

அத்தாவுக்கு இப்போது எழுபத்தொன்று. பர்ளுத் தொழுகைகளைத் தரையில்தான் தொழுகிறார்கள். இரண்டாம் ரக்அத்துக்கு எழும்போது கையை ஊன்றிக்கொள்கிறார்கள். சென்ற ரமளானில் தராவீஹின் முதல் எட்டு ரக்அத்தை நின்று தொழுதுவிட்டு, மீதியை நாம் வாங்கிக் கொடுத்த அதே நாற்காலியில் தொழுதார்கள். பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் வருவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. போகும்போது பேரனின் கையை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பேரன்தான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறானாம். வழியில் நாய்க்குப் பயம்.